பேசிக் எவ்வளவுங்க சார்?

ஓசூர் 2004 வரை எங்கள் தருமபுரி மாவட்டத்தோடுதான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும் பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பிள்ளைகளுக்கு முதல் வேலை என்றால் ஓசூர் சிப்காட்தான். அதை விட்டால் பெங்களூரு. அப்படிக் கிளம்பும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கு, கையெழுத்துப் போடும் முன் ஆஃபர் லெட்டரை வரிவரியாகப் படிக்கச் சொல்லித் தருகிறேன். இதைவிடப் பயனுள்ள பாடம் நான் எடுத்ததில்லை.

வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “கைக்கு எவ்வளவு வருதுங்க?” கடன் இருக்கிற வீடு வேறெதைக் கேட்கும்? ஆனால் பேசவேண்டியது பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தைத்தான்.

ஒரு பெண் கொண்டுவந்த லெட்டரில் சி.டி.சி., அதாவது நிறுவனம் அவளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, மாதம் 22,000; பேசிக் 8,000. மிச்சமெல்லாம் வாடகைப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ், நிறுவனம் கட்டும் பி.எஃப். பேசிக் 11,000 ஆனால் என்ன ஆகும் என்று காகிதத்தின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தோம். பி.எஃப். 12 சதவீதம்: அவள் பங்கு 360 கூடும், நிறுவனப் பங்கும் 360 கூடும். சி.டி.சி. அதேதான் என்றால் இரண்டும் அவள் கைப்பணத்திலிருந்தே போகும். “720ஆ? அது சீட்டு கட்டுற காசுங்க சார்” என்றார் அவள் அம்மா. இந்தக் குறைவை மறைத்துவிட்டுப் பேசிக்கைக் கேள் என்று சொல்லக்கூடாது. முழுக் கணக்கையும் காட்டிவிட வேண்டும். லாபப் பக்கம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: கடைசிப் பேசிக்கை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, அதை வேலைபார்த்த வருஷங்களால் பெருக்கி வருவது. பேசிக்கில் 3,000 கூடினால் ஒவ்வொரு வருஷத்துக்கும் சுமார் 1,730 ரூபாய் கூடும். நான் பேசிக் பக்கம்தான். முடிவை அந்தப் பெண் எடுத்தாள்.

2025 நவம்பர் 21 முதல் சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. புதிய ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில் சேரும்.

கேட்கும் விதம்தான் கஷ்டம். “கொஞ்சம் கூட்டிக் குடுங்க சார்” என்றால் பதில் சுலபம்: பட்ஜெட் இல்லை. அதனால் இப்படிக் கேட்கப் பழக்குகிறேன்: “அலவன்ஸ் பாதிக்கு மேல இருக்குங்க சார். கிராஜுவிட்டிக்கு எந்தத் தொகைய எடுப்பீங்க?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் வருவதில்லை. எதிரில் இருப்பவர் யோசிக்கத் தொடங்கினாலே “பரவாயில்லைங்க சார்” என்று தாங்களே முடித்து வைத்துவிடுவார்கள். அந்தப் பதிலைச் சொல்லாமல் உட்காரப் பல நாள் ஒத்திகை பார்க்கிறோம், நான்தான் ஹெச்.ஆர்.

அந்தப் பெண்ணுக்குப் பேசிக் 11,000 ஆனது. பஸ்ஸுக்குப் பிடிக்கவிருந்த 500ஐயும் விட்டுக்கொடுத்தார்கள். சம்பளம் நகராத இடத்தில் பஸ், கேன்டீன், நைட் ஷிப்ட் படி, தங்கும் ரூம் என்று கேட்க இன்னும் நிறைய உண்டு. இ.எஸ்.ஐ.யையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரைதான் அது. பிள்ளையை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். 21,200 கேட்டு வாங்கி அதை இழப்பதில் லாபமில்லை.

லெட்டரில் ‘அப்ரண்டிஸ்’ என்று இருந்தால் கணக்கே வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பயிற்சி; வருவது உதவித்தொகை. பி.எஃப்., போனஸ் கிடையாது, முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. அப்படிப் போகும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை, நல்ல கம்பெனியில் தொழில் கற்பது பெரிய விஷயம். எந்த மெஷினில் போடுவார்கள், சாப்பாடும் ரூமும் யார் செலவு, வேலைக்கு எடுப்பதாக வாயால் சொன்னதை மெயிலில் அனுப்புவார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன்.