வாடின குருத்து சொல்வது

விடிகாலையில் கத்தரித் தோட்டத்தில் இறங்குகிறவன் முதலில் காயைப் பார்க்கக் கூடாது, குருத்தைப் பார்க்க வேண்டும். பெரியப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. முப்பத்துநான்கு வருடமாகக் கத்தரி வைக்கிறேன். பாடம் இன்னும் முடியவில்லை.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் நிலம். ஒன்றரை ஏக்கர் செம்மண், ஒரு கிணறு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிதான் வீட்டுப் பயிர். காம்பில், தண்டில், இலை நரம்பில் எல்லாம் முள். பறிக்கிற நாளில் நகக்கண்ணில் ஏறினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். 2023-ல் இந்தக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பயிருக்கு வந்த மரியாதையில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயர் நிற்பது நாற்றங்காலிலும் பாரிலும் தினமும் செய்கிற வேலையில். புதிதாகக் காய்கறி வைக்க வருகிற தம்பி தங்கைகளுக்கு அந்த வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கத்தரி தன் நோவை வாடித்தான் சொல்லும். எங்கே வாடுகிறது, எப்போது வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

முதல் வாடல் நாற்றங்காலிலேயே வரும். நான் தனியாக விதை விட்ட முதல் வருடம், நாற்று நிறைய வேண்டுமென்று விதையை அள்ளித் தூவினேன். வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் சாயங்காலம் தண்ணீரும் தெளித்தேன். பத்தாம் நாள் தண்டு தரையோடு தரையாக நைந்து, நாற்று திட்டுத்திட்டாகச் சாய்ந்தது. நாற்றழுகல். பெரியப்பா திட்டவில்லை. மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய எருவைச் சலித்துக் கலந்து, விரலால் கோடு கிழித்து, விதையை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுகிறவரைப் போலப் போட்டுக் காட்டினார். தண்ணீர் காலையில் மட்டும், ராத்திரி பாத்தி ஈரமாகப் படுக்கக் கூடாது என்றார். பிற்பாடு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விடும் பழக்கமும் வந்தது. ஆனால் நெருக்கமாக விதைத்துவிட்டால் எந்தப் பொடியும் காப்பாற்றாது.

இரண்டாவது, நுனிக் குருத்து மட்டும் தொங்குவது. செடி முழுக்கப் பச்சையாக இருக்கும். ஒரே ஒரு குருத்து தலை கவிழ்ந்திருக்கும். தண்டு துளைக்கும் புழு. அந்துப்பூச்சி இலையின் அடியில் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். குஞ்சுப்புழு குருத்துக்குள் புகுந்துவிட்டால் மேலே என்ன அடித்தாலும் அதன்மேல் படாது. காய் பிடித்ததும் காய்க்குள் போய்விடும். பெரியப்பாவின் வலது கட்டைவிரல் நகம் இதற்காகவே கொஞ்சம் நீளமாக இருக்கும். வாடின இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே நகத்தை வைத்துக் கிள்ளுவார். கிள்ளினதை வேட்டி மடியில் போட்டுக்கொள்வார். அவர் காலடியில் ஒரு குருத்தும் விழாது.

நான் அந்த மடியைக் கவனிக்கவில்லை. கிள்ளிக் கிள்ளி வரப்பில் எறிந்தேன். பத்து நாள் கழித்தும் சேதம் குறையவில்லை. பெரியப்பா வரப்பில் கிடந்த ஒரு குருத்தை எடுத்துப் பிளந்தார். உள்ளே சுரங்கம் இருந்தது, புழு இல்லை. "புழுவுக்குக் கால் இல்லையாடா? நீ கிள்ளிப் போட்டே, அது எறங்கி சருகுல போய்க் கூடு கட்டிக்கிச்சு" என்றார். அன்றிலிருந்து இடுப்பில் ஒரு பை. குருத்தும் சொத்தைக் காயும் அதில் சேரும். சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டி ஊறவிட்டு, பிறகு ஆழமாகப் புதைப்பேன். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன். ஆண் பூச்சி அதில் விழும். ஆனாலும் கிள்ளுவதை நிறுத்தியதில்லை.

இன்னொரு பழக்கமும் அவருடையது. கிள்ளின குருத்தை எண்ணுவார். வீடு திரும்பியதும் "இன்னிக்கு எத்தினி?" என்பார். நேற்று எண்பது, இன்று அறுபது என்றால் மருந்தை எடுக்க விடமாட்டார். எண்ணிக்கை ஏறினால்தான் அடுத்த யோசனை.

மூன்றாவது, உச்சிவெயிலில் செடி முழுதும் சோர்ந்து, சாயங்காலம் நிமிர்வது. தண்ணீர்த் தாகம் என்று நினைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினேன். இலை மேலும் வெளுத்தது. "இன்னாத்துக்குடா இவ்ளோ தண்ணி வுடுறே? வேரைப் பாரு" என்று ஒரு செடியை மம்முட்டியால் நோகாமல் தோண்டி எடுத்துக் கொடுத்தார். வேரெல்லாம் மணி கோத்த மாதிரி முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு. அந்த நிலத்தில் அதற்கு முன் இரண்டு போகம் தக்காளி வைத்திருந்தேன். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் பின் ஒன்றாக வைத்தால் நூற்புழுவுக்குப் பந்தி போட்டது போல. அடுத்த சித்திரையில் கோடை உழவு ஓட்டி மண்ணை வெயிலில் காயப்போட்டோம். பிறகு ஒரு போகம் துலுக்க சாமந்தி வைத்தோம். அதன் வேர் நூற்புழுவுக்கு ஆகாது. மறுபடி கத்தரி நடும்போது ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இட்டோம். வேர் வெள்ளையாகத் திரும்ப இரண்டு வருடம் பிடித்தது.

நான்காவது வாடலுக்கு மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நேற்று நன்றாக நின்ற செடி இன்று பச்சை மாறாமல் அப்படியே தொங்கும், நிமிராது. தண்டை அடியில் அறுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி அசையாமல் பிடியுங்கள். அறுத்த வாயிலிருந்து பால் போல இழை இழையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து தேடிக் காசைத் தொலைக்காதீர்கள். வேரோடும் வேர்மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள், அந்தப் பாரின் தண்ணீர் அடுத்த பாருக்குப் போகாமல் அணை போடுங்கள்.

வாடாமலே கெடுக்கும் நோயும் உண்டு. சிற்றிலை. இலை சிறுத்து, புதர்போல அடர்ந்து, கொழுகொழுவென்று பச்சையாக நிற்கும். பூவும் வராது, காயும் வராது. அந்தப் பசுமையைப் பார்த்துப் பிடுங்க மனம் வராமல் இருபது செடியை விட்டுவைத்தேன். தத்துப்பூச்சி அவற்றிலிருந்து நோயை எடுத்துப் போய் இரண்டு பார் முழுக்கப் பரப்பியது. இரக்கப்பட்டு விட்டு வைத்த செடிக்கு அந்தப் போகத்தில் பெரிய விலை கொடுத்தேன்.

மருந்து அடித்ததிலும் தவறியிருக்கிறேன். ஒரு வருடம் காய்க்கு நல்ல விலை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாரம் தவறாமல் இரண்டு மருந்தைக் கலந்து அடித்தேன். அதற்கு முன்பே புள்ளி போட்ட வண்டையெல்லாம் எதிரி என்று நசுக்கியிருந்தேன். பெரியப்பா இரண்டு வண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது பொறிவண்டு, அசுவினியைத் தின்னும். மங்கலாக, பூனைமயிர் போர்த்தினது போல இருந்தது இலையைச் சுரண்டும் வண்டு. நான் கொன்றதில் பாதிக்குமேல் பளபளப்பு. அந்த வருடம் வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் என்றும் இல்லாத அளவு ஏறின. மருந்தடித்த காயை உடனே பறிக்கவும் முடியாது. காத்திருந்ததில் காய் முற்றியது.

இப்போது எண்ணிக்கை ஏறினால் வேப்பங்கொட்டைக் கரைசல். 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவிட்டு, பால் வரும்வரை பிழிந்து, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்ப்பேன். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பேன். அன்று பிழிந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

கடைசி இரண்டு வருடம் பெரியப்பாவுக்குக் கண் தெரியவில்லை. கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருப்பார். நான் பையோடு வந்ததும் "எத்தினி?" என்பார். சொல்வேன். ஒருநாள் பைக்குள் கையை விட்டு ஒரு குருத்தை எடுத்து, வெட்டு வாயை விரலால் தடவினார். "இன்னும் ஒரு விரற்கடை கீழ கிள்ளணும். புழுவைச் செடியிலயே விட்டுட்டு வந்திருக்கே" என்றார். திரும்பிப் போய் அந்தப் பாரைத் தேடினேன். கிள்ளின தண்டுகளைப் பிளந்து பார்த்தேன். மூன்றாவதில் இருந்தது.

இந்த மாசிப்பட்டத்தில் என் தங்கை மகள் வேலை கற்க வந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து, அவள் வரப்பில் ஏறி வரும்வரை காத்திருக்கிறேன், எத்தனை என்று கேட்க.