காவலனுக்கு ஒரு காவல்

நுழையும்முன்
மனிதனைக் காக்கும் உயிர் என நாயைப் போற்றுகிறோம். அந்நாய் குட்டியாக இருக்கும் பருவத்தில் அதனைக் காக்க வேண்டியவர் யார்? எப்படிக் காப்பது? சித்தூரில் வாழும் ஒரு குடும்பம் பெற்ற பட்டறிவு இப்பாடமாக அமைகிறது.

நடுகல்லில் நிற்கும் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டை அடுத்த எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அது முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில், 7 ஆம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்டது. ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த வீரனோடு அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது நாயின் பெயர். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது எனக் கல்வெட்டு கூறுகிறது. நாயின் செயலையும் பெயரையும் கல்லில் பொறித்துப் போற்றிய மரபு நம்முடையது.

ஆயினும் எந்தக் காவல் நாயும் காவலனாகவே பிறப்பதில்லை. கண் திறவாத சிறு குட்டியாகவே அது உலகிற்கு வருகிறது. அப்போது அதற்கே ஒரு காவல் வேண்டியிருக்கிறது. அக்காவல் குறைந்தால் என்ன நேரும், அளவு மீறினால் என்ன நேரும் என்ற இரண்டையும் ஒரு குடும்பம் அடுத்தடுத்து அறிந்துகொண்டது.

திறந்த கதவு

சித்தூர் நகரின் ஓரத்தில், மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு தெரு உண்டு. ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் ஒலிக்கும் தெரு அது. அங்கு வாழ்ந்த குடும்பத்தில் தந்தை மாங்காய் மண்டியில் கணக்கெழுதுபவர். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஒரு வைகாசி மாதத்தில் அவ்வீட்டிற்குச் செம்பன் வந்தான். செம்மண் நிறமும் இரண்டு மாத வயதும் கொண்ட குட்டி அவன்.

மாலைதோறும் மகள் அவனைத் தெருவில் இறக்கிவிடுவாள். குப்பைத் தொட்டியருகே திரியும் நாய்களின் பின்னால் அவன் உருண்டோடுவான். கண்ட இடத்தில் மண்ணை முகர்வான். “நாய் என்றால் நாலு நாயோடு பழகத்தானே வேண்டும்?” என்று தந்தை சிரிப்பார். தடுப்பூசியைப் பற்றிப் பாட்டி நினைவூட்டியபோது, “மண்டியில் வேலை குறையட்டும் அம்மா, போட்டுவிடலாம்” என்றார்.

வேலை குறையுமுன் நோய் வந்துவிட்டது. முதல் நாள் செம்பன் பாலைத் தொடவில்லை. இரண்டாம் நாள் ஓயாமல் வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் குருதி கலந்து வந்தது. விடியுமுன் அவனைத் துணியில் சுற்றிக்கொண்டு, பாகாலை, சந்திரகிரி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து, தந்தையும் மகளும் திருப்பதிக்குச் சென்றனர். குட்டியைச் சோதித்த கால்நடை மருத்துவர், “தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். தந்தை பதில் சொல்லவில்லை. உடலில் நீர் வற்றிய குட்டிக்கு நரம்பின் வழியே மருந்துநீர் ஏற்றினார்கள். மறுநாள் இரவு செம்பன் இறந்தான்.

அவனைக் கொன்றது பார்வோ வைரஸ். 1978 ஆம் ஆண்டில்தான் இந்நோய் நாய்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுவதும் அது பரவிவிட்டது. நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ்கள் வெளியேறுகின்றன. அந்த நாய் சென்ற பின்னும் அவை மண்ணில் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். மனிதரின் செருப்பிலும், வண்டிச் சக்கரத்திலும், உணவுக் கிண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு அவை வீட்டிற்குள்ளும் வரும். ஆகவே, ஒரு குட்டி நோய்வாய்ப்படுவதற்கு நோயுற்ற நாயைத் தொட வேண்டும் என்பதில்லை. அந்த நாய் நடந்த மண்ணை முகர்ந்தாலே போதும்.

மகள் செம்பனின் கழுத்துப்பட்டையைக் கொல்லைப்புற ஆணியில் மாட்டிவைத்தாள். மருத்துவரின் கேள்வியைப் பற்றி வீட்டில் எவரும் பேசவில்லை. தந்தைக்கு மட்டும் அது மறக்கவில்லை.

மூடிய கதவு

எட்டு மாதங்கள் கழிந்தன. பலமநேரில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து ஏழு வாரக் குட்டி ஒன்று வந்தது. அதற்கு முத்து என்று பெயரிட்டார்கள். எட்டாம் வாரத்தில் தந்தையே விடுப்பு எடுத்துக்கொண்டு திருப்பதிக்குச் சென்று முதல் தடுப்பூசி போட்டு வந்தார். அன்றே பின்கட்டு அறைக்குப் புதிய தாழ்ப்பாள் ஒன்றையும் பொருத்தினார். “முத்து இந்த வாசலைத் தாண்டக் கூடாது. வெளியார் யாரும் அவனைத் தொடக் கூடாது” என்று கட்டளையிட்டார். தெருவில் ஒரு நாய் குரைத்தால்கூடச் சன்னலைச் சாத்திவிடுவார். மகள் உணவு வைக்க மட்டும் உள்ளே செல்வாள். எட்டு மாதங்களுக்கு முன் சொல்லாத பதிலை அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் வாரத்தில் குடற்புழு நீக்கும் மருந்துக்காக முத்துவை மீண்டும் திருப்பதிக்குக் கொண்டு சென்றனர். காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் இருமினார், முத்து நடுங்கினான். ஒரு கதவு சாத்தப்பட்டது, சிறுநீர் கழித்துவிட்டான். எதிரே தன் உரிமையாளரின் காலடியில் அமைதியாகப் படுத்திருந்த முதிய நாயைக் கண்டதும், பல்லைக் காட்டி மகளின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மருத்துவ அம்மையார் அவனை மேசையில் வைத்து எடை பார்த்தார். “உடல் நலமாக இருக்கிறது. ஆனால் மிகவும் அஞ்சுகிறானே, யாரோடும் பழகுவதில்லையா?” என்று கேட்டார். நடந்தவை அனைத்தையும் தந்தை கூறினார். இம்முறை அவர் எதையும் மறைக்கவில்லை.

இரண்டு காலக்கணக்குகள்

மருத்துவர் விளக்கியது இதுதான். பிறந்த குட்டி தாயின் சீம்பாலைக் குடிக்கும்போது தாயின் நோய் எதிர்ப்பாற்றலில் ஒரு பங்கு அதற்குக் கிடைக்கிறது. ஆறு முதல் பதினாறு வாரத்திற்குள் அது சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். எந்தக் குட்டியில் எந்த நாளில் தேயும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. தாய் தந்த ஆற்றல் மிகுதியாக இருக்கும்போது போடும் ஊசி வேலை செய்யாமல் போகலாம். அது தேய்ந்த பின்னும் ஊசி போடாதிருந்தால் நோய் நுழைந்துவிடும். அதனால்தான் ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறாம் வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இது உடலின் காலக்கணக்கு.

மனத்தின் காலக்கணக்கு வேறு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆராய்ந்தனர். 1965 ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே குட்டி பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்பது அவர்கள் கண்ட உண்மை. அப்பருவத்தில் மனிதரையும் நாய்களையும் காணாத குட்டி, வளர்ந்த பின் அவர்களை அஞ்சும். அச்சம் முற்றினால் கடிக்கவும் கடிக்கும்.

“உடலுக்குப் பாதுகாப்பு முழுமையாகும் முன்பே மனம் கற்கும் பருவம் முடிந்துவிடுகிறது. முத்துவுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரங்களே உள்ளன” என்றார் மருத்துவர்.

தந்தையின் குரல் தழுதழுத்தது. “வெளியே விட்டு ஒன்றை இழந்தேன் அம்மா. மறுபடியும் எப்படி விடுவேன்?”

“விடச் சொல்லவில்லை ஐயா, காட்டச் சொல்கிறேன்” என்றார் அவர். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள்களேனும் கழிந்த குட்டிகளைத் தூய்மையான இடத்தில் பிற குட்டிகளோடு பழக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2008 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியதையும் எடுத்துரைத்தார். பின்னர் மூன்று வரையறைகளை வகுத்துக் கொடுத்தார். பழக்கும் நாய், ஆண்டுதோறும் தடுப்பூசி பெற்றதாகவும் நோயற்றதாகவும் சிறு குட்டிகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையதாகவும் இருக்க வேண்டும். இடம், அயல் நாய்கள் நடமாடாத, கழுவத்தக்க தரையாக இருக்க வேண்டும். நேரம், குட்டி சலிப்பதற்கு முன் முடிந்துவிட வேண்டும்.

செம்பனின் கழுத்துப்பட்டையை முத்துவுக்குப் போடலாமா என்று மகள் கேட்டாள். “வேண்டாம் கண்ணு. பழைய பட்டை, கிண்ணம், படுக்கை எதுவும் வேண்டாம். முற்றத்து மண்ணிலும் இப்போது விடாதே. சிமெண்டுத் தரையைக் கழுவித் தூய்மை செய்யலாம், மண்ணை அப்படிச் செய்ய முடியாது” என்றார் மருத்துவர்.

கூடையில் ஒரு பயணம்

மறுநாள் முதல் முத்துவின் உலகம் விரிந்தது. தந்தை திண்ணையின் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினார். பின்பு நீரில் கலந்த பிளீச்சிங் கரைசலை ஊற்றி ஊறவிட்டு மீண்டும் கழுவி, வெயிலில் நன்கு உலரவிட்டார். வெளியிலிருந்து வருபவர் செருப்பை வாசலிலேயே விட்டுக் கைகால் கழுவிய பின்னரே முத்துவைத் தொட வேண்டும் என்பது வீட்டின் விதியாயிற்று.

மாலையில் மகள் அவனைக் கூடையில் வைத்துச் சுமந்து சென்றாள். அவன் கால் தரையில் படவில்லை. கண்ணும் காதும் மூக்கும் மட்டும் ஊரைச் சுற்றின. மாங்காய் ஏற்றிய சரக்குந்தின் ஒலி, கோவில் மணி, மிதிவண்டி, தலைப்பாகை கட்டிய முதியவர், பள்ளிச் சிறுவர் கூட்டம் என ஒவ்வொன்றாக அவனுக்கு அறிமுகமாயின. அவன் நடுங்கினால் அவள் சற்றுத் தொலைவுக்கு விலகி நிற்பாள். நடுக்கம் தணிந்ததும் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுப்பாள்.

அடுத்த வீட்டில் தெலுங்கு பேசும் முதியவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற அஞ்சல்காரரான அவருடைய நாட்டு நாய் மணிக்கு ஒன்பது வயது. மணியின் தடுப்பூசி அட்டையைத் தந்தை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் படித்தார். அதற்காக முதியவர் வருந்தவில்லை.

ஞாயிறு காலை, கழுவிய திண்ணையில் இரு நாய்களும் சந்தித்தன. முதியவர் மணியின் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருந்தார். கயிற்றை இறுக்கினால் பிடித்திருப்பவரின் அச்சம் நாய்க்கும் எட்டிவிடும் என்பது அவர் அறிந்தது. “மெல்ல, தல்லி, மெல்ல” என்று அவர் கூற, மகள் முத்துவைத் தரையில் வைத்துத் தன் கால்களுக்கிடையே ஒளிந்துகொள்ள இடம் விட்டாள். நாயை நாய் நேருக்கு நேர் வெறிப்பது பகையின் அடையாளம். முதிர்ந்த மணி அதைச் செய்யவில்லை. வளைந்து நடந்து வந்து பக்கவாட்டில் நின்றது. முத்து பின்வாங்கினான். மணி காத்திருந்தது, பின்பு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

சிறிது நேரத்தில் சிறு மூக்கு ஒன்று மகளின் காலுக்கிடையிலிருந்து வெளியே வந்தது. முத்து மணியின் வாலை முகர்ந்தான், ஓடினான், திரும்பி வந்தான். நான்காம் முறை முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினான். அது நாய்களின் மொழியில் ‘விளையாட வா’ என்னும் அழைப்பு. மணியின் வால் தளர்வாக அசைந்தது. “இன்றைக்கு இது போதும்” என்று முதியவர் கயிற்றை எடுத்துக்கொண்டார். தந்தை தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை முழுநேரமும் கதவைப் பிடித்தபடியே இருந்தது.

நாள்தோறும் சந்திப்பு நீண்டது. ஒருநாள் முத்து மணியின் காதை வலுவாகக் கடித்தான். மணி உறுமியது. முத்து வாயைத் தளர்த்திக்கொண்டான். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை எந்த மனிதனும் அவனுக்கு அவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்க முடியாது.

மண்ணில் முதல் அடி

பன்னிரண்டாம் வாரத்தில் இரண்டாம் ஊசியும் பதினாறாம் வாரத்தில் மூன்றாம் ஊசியும் போடப்பட்டன. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டார்கள். வெறிநோய் நாயை மட்டும் தாக்குவதன்று. அறிகுறிகள் தோன்றிவிட்டால் மனிதரும் பிழைப்பது மிக அரிது. லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில் ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தி இந்நோயிலிருந்து காத்தார். அவர் பெயரால் 1907 ஆம் ஆண்டு முதல் நீலகிரியின் குன்னூரில் ஒரு நிறுவனம் இயங்கி வருகிறது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பதினெட்டாம் வாரத்தின் ஒரு காலையில் தந்தை தாமே வெளிக்கதவைத் திறந்தார். முத்து வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தான். மணி முன்னே சென்று, திரும்பி நோக்கியது. முத்து மண்ணில் முதல் அடியை வைத்தான், முகர்ந்தான், அடுத்த அடியையும் வைத்தான். கயிற்றின் மறுமுனை தந்தையின் கையில் தளர்வாக இருந்தது.

கொல்லைப்புற ஆணியில் செம்பனின் கழுத்துப்பட்டை இன்னும் தொங்குகிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. பக்கத்து ஆணியில் முத்துவின் தடுப்பூசி அட்டை மாட்டப்பட்டுள்ளது. அடுத்த ஊசியின் தேதியைத் தந்தை அதில் சிவப்பு மையால் எழுதிவைத்திருக்கிறார்.

அருஞ்சொற்பொருள்
ஆநிரை – பசுக்கூட்டம்
பூசல் – போர்
பட்டறிவு – அனுபவம்
சீம்பால் – ஈன்றவுடன் சுரக்கும் முதற்பால்
சரக்குந்து – லாரி
தல்லி – தாயே (தெலுங்கு விளிச்சொல்)

பயிற்சி
1. எடுத்தனூர் நடுகல் கூறும் செய்தி யாது?
2. நாய்க்குட்டிகளுக்குத் தடுப்பூசியைப் பலமுறை போடுவது ஏன்?
3. “விடச் சொல்லவில்லை ஐயா, காட்டச் சொல்கிறேன்” – இக்கூற்றின் பொருளை விளக்குக.
4. தந்தையின் இரு செயல்களில் எது அன்பின் குறைவு, எது அச்சத்தின் மிகுதி? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உங்கள் தெருவில் வளரும் ஒரு நாய்க்குட்டியைப் பாதுகாக்க நீங்கள் செய்யக்கூடியவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.