பன்னிரண்டரை முதல் மூன்று வரை

அல் ஐன், ஜூலை

போன வாரம் ஷமால் அடித்தது. வடமேற்கிலிருந்து வளைகுடா முழுக்க வீசும் இந்தக் காற்றை நம் ஆடிக்காற்றோடு சேர்த்துவிடாதீர்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறந்தாலும் குற்றாலச் சாரலின் ஈரம் எங்கோ ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கும். இங்கே வருவது வெறும் மணல். ஜன்னலை இறுகச் சாத்தி இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவைத்தாலும் சோற்றுத்தட்டில் நறநறக்கும்.

காற்று ஓய்ந்த மறுநாள் வெளியே 47 டிகிரி. மதியச் சமையல் முடிகிற நேரத்தில் வீட்டு ஏசி நின்றுவிட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அத்தை, அதாவது மாமியார், “என்ன மாப்பிள்ளை, கரண்டு போயிருச்சா?” என்றார். கோவில்பட்டிக்காரர். சத்தம் நின்றால் அவருக்கு மின்வெட்டுதான் நினைவுக்கு வரும். இங்கே மின்சாரம் அநேகமாகப் போவதே இல்லை, அத்தை. ஏசி போனால்தான் ஆபத்து என்றேன். அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

அல் ஐன் அபுதாபி எமிரேட்டின் உள்நாட்டுப் பாலைவன ஊர். கடல் இல்லை, ஒருபக்கம் ஜெபல் ஹஃபீத் மலை, நடுவில் பேரீச்சந்தோப்புகள், மற்றதெல்லாம் மணல். துபாய் மாதிரி வானுயர்ந்த கோபுரங்கள் இல்லாத ஊர் என்பதால் எல்லா வீட்டுக்கும் மொட்டைமாடி உண்டு. ஏசியின் அவுட்டோர் யூனிட் எல்லாம் அந்த மாடியில், நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், வரிசையாக நிற்கும். வேலை நடக்க வேண்டுமானால் ஒருவர் அங்கே ஏறித்தான் ஆக வேண்டும்.

பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும் கம்பெனிக்குப் போன் அடித்தேன். வருஷத்துக்கு நான்கு சர்வீஸ், இடையில் எப்போது கூப்பிட்டாலும் ஆள் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள். ஆள் இருக்கிறார், ஆனால் மூன்று மணிக்கு மேல்தான் மாடி ஏறுவார் என்றார் மேற்பார்வையாளர். நடுப்பகல் ஓய்வு. வயதானவர் வீட்டில் இருக்கிறார் என்றேன். வேண்டுமானால் வீட்டுக்குள் வந்து தெர்மோஸ்டாட்டைப் பார்ப்பார், மாடிக்கு மட்டும் இப்போது அனுப்ப முடியாது என்றார். எரிச்சலில் போனை வைத்தேன்.

அந்த நடுப்பகல் ஓய்வு விதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, திறந்தவெளியில் நேர் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. அமீரகத்தில் இது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் அபராதம், நம் கணக்கில் லட்ச ரூபாய்க்கு மேல். பலரை நிறுத்தி வேலை வாங்கினால் அபராதம் 50,000 வரை போகும். முதலாளி சும்மா வேலையை நிறுத்தினால் மட்டும் போதாது; அந்த இரண்டரை மணி நேரத்துக்கு நிழலும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்ய வேண்டும், வேலை நேர அட்டவணையைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். விதிவிலக்கும் உண்டு: பாதியில் விட முடியாத தார் போடும் வேலை, கான்கிரீட் ஊற்றும் வேலை, ஊருக்குத் தண்ணீரோ மின்சாரமோ அறுந்துபோன அவசரம். ஒரு வீட்டு ஏசி அதில் சேராது என்பது மேற்பார்வையாளரின் தீர்ப்பு.

அக்கம்பக்க நாடுகளை ஒப்பிட்டால் இதுவே சிக்கனமான விதி. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றிலிருந்து நான்கு வரை தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்திலிருந்து மூன்றரை வரை. அதோடு வெப்பமும் ஈரமும் வெயிலும் சேர்ந்த அளவுமானி 32.1-ஐத் தாண்டினால் எந்த மணியானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று 2021-இல் சட்டம் போட்டார்கள். அமீரக விதி கடிகாரத்தைப் பார்க்கிறது, கத்தார் விதி வெயிலையே பார்க்கிறது. மூன்று மணி அடித்தவுடன் பாலைவனம் ஆறிவிடுவதில்லை என்பது அன்று எங்கள் மாடியில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்று மணி வரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கீழ்த்தள ஹாலில் எல்லோரும் ஒரே அறையில் முடங்கினோம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு அத்தை தரையில் தண்ணீர் தெளிக்கப் போனார். பைப்பைத் திறந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தொட்டி மாடியில் இருப்பதால் கோடையில் இங்கே பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருவது கொதிநீர். அதற்கு வளைகுடா முழுக்க ஒரே வைத்தியம்தான்: மே மாதமே குளியலறை ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். அந்த ஹீட்டரின் தொட்டி ஏசி அறைக்குள் இருப்பதால் அதில் தங்கும் தண்ணீர் ஆறிவிடும். ஆக, நான்கு மாதத்துக்குச் சுடுதண்ணீர்க் குழாயில் குளிர்ந்த நீரும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வரும்.

ஏசி ஃபில்டரைக் கழுவுவதற்கும் நாங்கள் இந்த ஹீட்டர் தண்ணீரைத்தான் பிடிக்கிறோம். 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் ஃபில்டரைக் கழுவாதே என்று ஏசியோடு வரும் கையேட்டிலேயே போட்டிருக்கும். பிளாஸ்டிக் சட்டம் கோணிப்போகும். ஜூலையில் குழாயைத் திறந்தால் வருவதே அதற்கு மேல். ஷமால் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுகிறோம். நிழலில் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. பாலைவனம் செய்யும் ஒரே உபகாரம்.

மூன்று இருபதுக்கு மெக்கானிக் வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம், ஐ.டி.ஐ. படித்தவர், முப்பது வயது இருக்கலாம். தலையில் ஈரத்துண்டு, கையில் தடித்த கையுறை. பின்னாலேயே நானும் மாடி ஏறினேன். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்தார், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். “பாருங்க சார்” என்று டார்ச் அடித்தார். கண்டென்சரின் அலுமினிய இதழ்களுக்கு இடையே மணல் பழுப்பு நிறத்தில் கெட்டிப்பட்டிருந்தது. ஒருநாள் காற்றில் சேர்ந்த மணல் அல்ல அது. விரலால் சுரண்டினால் அட்டை மாதிரி உரிந்து வந்தது. “போன தடவ வந்தவங்க மேல ஏறவே இல்ல சார். கீழ ஃபில்டர போட்டோ எடுத்துட்டுப் போயிருப்பாங்க.” ஏப்ரலில் அவர்கள் தந்த சர்வீஸ் சீட்டில் ‘அவுட்டோர் கிளீனிங்’ என்ற கட்டத்தில் அழகாக டிக் போட்டிருக்கிறது. அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்; ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வரும்போது முதலில் அதைத்தான் நீட்டப்போகிறேன்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் மாடியில் கொட்டுகிறது. வெளிக்காற்று 47 டிகிரி என்றால், குழாய்க்குள் ஓடும் கேஸ் அதைவிடச் சூடாக, அறுபதைத் தாண்டி இருந்தால்தான் சூடு வெளியே போகும். இதழ்களில் மணல் அடைத்துக்கொண்டால் சூடு போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பாதுகாப்பு ஸ்விட்ச் ஏசியை நிறுத்திவிடும். எங்கள் ஏசி அப்படித்தான் நின்றது. நின்றதால் கம்ப்ரசர் பிழைத்தது.

இங்கே விற்கும் ஏசிகளில் ‘டி3’ என்று எழுதியிருக்கும். வெளியே 46 டிகிரி என்று வைத்துச் சோதித்த வகை. நம் ஊரில் டன் கணக்குச் சொல்வது பெரும்பாலும் 35 டிகிரியை வைத்து. வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும்போது ஒன்றரை டன் ஏசி ஏன் ஒரு டன் மாதிரி மூச்சு வாங்குகிறது என்பதற்கு இதுதான் பதில். வாங்கும்போது 46 டிகிரியில் அது எவ்வளவு குளிர்விக்கும் என்று கேட்டுப்பாருங்கள். கடைக்காரர் நட்சத்திரத்தைக் காட்டுவார், விடாதீர்கள்.

மெக்கானிக் தம்பி உடனே தண்ணீர் அடிக்கவில்லை. காய்ந்த மணலில் தண்ணீர் பட்டால் இதழ்களுக்குள் சேறாகி இறுகிவிடுமாம். முதலில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, இதழ் மடங்காமல் தட்டிவிட்டார்; பிறகு புளோயர்; அதற்கப்புறம்தான் ஹோஸ் பைப், அதுவும் உள்ளே இருந்து வெளிப்பக்கமாக, காற்று வரும் திசைக்கு எதிராக. பழுப்பாக வழிந்த தண்ணீர் மாடித்தளத்தில் ஐந்து நிமிடத்தில் காய்ந்து கோலம் போட்டது. கபாசிட்டரின் தலை உப்பியிருந்ததைக் காட்டி, “வெயிலுக்கு மொதல்ல சாகுறது இதுதான் சார்” என்று புதிதாக ஒன்றை மாட்டினார். கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்துவிட்டு, கேஸ் சரியாக இருக்கிறது என்றார். அவர் மேல் மரியாதை வந்ததே அந்தச் சொல்லில்தான். வருஷா வருஷம் “கேஸ் கொறஞ்சிருக்கு, அடிக்கணும்” என்று காசு பறிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பவர் அடுத்த வருஷமும் வருவதற்கு வழி செய்கிறார்.

கீழே வந்தவரை அத்தை விடவில்லை. லபன் என்று இங்கே விற்கும் மோரில் இஞ்சியும் பெருங்காயமும் போட்டு ஒரு சொம்பு கொடுத்தார். “மூணு மணிவரைக்கும் வெயில்ல நிக்கக் கூடாதுன்னு சட்டமாமே, நெசமாவா தம்பி?” ஆமாம் அம்மா, இல்லாவிட்டால் எங்களை யார் கேட்பார்கள் என்றார் அவர். அத்தை இளவயதில் கரிசல் காட்டில் சித்திரை வெயிலில் பருத்திக்கு மாடாக உழைத்தவர். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்.

எனக்குத்தான் பேச வேண்டும்போல் இருந்தது. இந்த ஊரின் குளிர்ச்சியில் பெரும்பங்கு ராமநாதபுரத்தான் கையாலும் மலையாளி கையாலும் பஞ்சாபி கையாலும் நடக்கிறது. அவர்களுக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் இருக்கிறது, அது போதாதுதான், ஆனாலும் இருக்கிறது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம். ஆனால் பன்னிரண்டு மணிக்குச் சித்தாளை வெயிலில் நிறுத்தும் மேஸ்திரிக்கு லட்ச ரூபாய் அபராதம் என்று நம் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. நமக்கு வருவது ‘வெளியே செல்வதைத் தவிர்க்கவும்’ என்ற அறிக்கை. செத்த பிறகு தரும் நாலு லட்சத்தைவிட, சாகாமல் இருக்கத் தரும் இரண்டரை மணி நேரம் மலிவு. சட்டமன்றத்தில் யாராவது இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை சென்னை, மதுரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்திரியில் உங்கள் ஏசி நின்றால், மெக்கானிக்கை உச்சிவெயிலில் மூன்றாவது மாடி சன்ஷேடில் நிற்கவைக்காதீர்கள். காலை எட்டுக்கு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் நான்கு மணிக்கு மேல். அதற்காகக் கூலியில் குறைக்கவும் வேண்டாம்.