ஓட்டை போட்ட முட்டை

1939-ம் வருஷம். நியூசிலாந்தின் தென் தீவில் வைராவ் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு கூழாங்கல் திட்டு. அங்கே ஜிம் அய்ல்ஸ் என்ற 13 வயதுப் பள்ளிக்கூடப் பையன் தோண்டிக்கொண்டிருந்தான். மண்ணுக்குள் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால், பெரிய முட்டை! ஒரு முனையில் துளை. கூடவே ஒரு மனித எலும்புக்கூடு.

அது மோவா முட்டை. மோவா என்பது நியூசிலாந்தில் மட்டும் இருந்த பறக்காத பறவை. தீக்கோழிக்காவது சின்னச் சிறகு உண்டு. இதற்குச் சிறகு எலும்பே கிடையாது. மொத்தம் 9 இனங்கள். பெரிய இனத்தின் பெண் பறவை 200 கிலோவைத் தாண்டும்.

13-ம் நூற்றாண்டில் பாலினேசியாவிலிருந்து படகில் வந்தவர்கள்தான் மாவோரிகளின் முன்னோர்கள். கொண்டுவந்த பயிர்களுக்குத் தென் தீவின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கோழி, பன்றி வளர்ப்பும் இங்கே நிலைக்கவில்லை. எதிரே நடமாடியது மோவா. வேறென்ன செய்வார்கள்?

சரி, ஏன் ஆற்று முகத்துவாரம்? யோசித்துப் பாருங்கள். வண்டி கிடையாது, மாடு கிடையாது. உள்நாட்டில் வேட்டையாடிய அவ்வளவு பெரிய உடலை யார் சுமப்பது? ஆறு சுமக்கும். வைடாக்கி ஆற்றில் மிதவைகளில் ஏற்றிக் கீழே அனுப்பியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் மண்ணடுப்புகளும் மோவா எலும்புகளும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

எதுவும் வீணாகவில்லை. கறி உணவானது. எலும்பு தூண்டில் முள்ளாகவும் கழுத்தணியாகவும் ஆனது. முட்டையை ஓட்டை போட்டுக் காலி செய்தால் தண்ணீர்க் குடுவை. அப்படி ஒரு குடுவையைத்தான் இறந்தவருக்குப் பக்கத்தில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்ததிலேயே நல்ல பொருளாக அது இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சிக்கல் அந்த முட்டையில்தான். மோவா ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து பெரிதாகப் பல வருஷம் பிடிக்கும். தாயையும் சாப்பிட்டு முட்டையையும் எடுத்தால் கணக்கு எங்கே நேராகும்? சுமார் 150 வருஷத்தில், அதாவது 15-ம் நூற்றாண்டின் நடுவிலேயே, மோவா ஏறக்குறைய முடிந்துபோனது. அந்த வேட்டைக்காரர்கள் சில ஆயிரம் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. துப்பாக்கி இல்லை, பேராசை பிடித்த கம்பெனி இல்லை. பசியும் பழக்கமும் போதுமாக இருந்தது.

அழிந்துபோன எதையும் மோவாவோடு ஒப்பிட்டுச் சொல்கிற பழமொழி மாவோரி மொழியில் உண்டு. தாத்தா தின்றதைப் பேரன் பழமொழியில் மட்டும் கேட்டான்.

வைராவ் திட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போன மனித எலும்புகளை 2009-ல் ராங்கிட்டானே மக்கள் திரும்பப் பெற்று, அதே மண்ணில் மறுபடி அடக்கம் செய்தார்கள். முன்னோர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட பறவைக்குத்தான் திரும்பி வர வழியில்லை.