பால் கட்டிய வாரம்

2024 ஆகஸ்ட் 1, வியாழன். ராஜபாளையம்

நடுச்சாமம். பாப்பா வலது பக்கம் வாய் வைத்ததுமே உயிர் போகிற வலி. அக்குளுக்குச் சற்றுக் கீழே கட்டி தட்டுப்படுகிறது. தொட்டால் சுடுகிறது, தோல் சிவந்து கிடக்கிறது. சாயங்காலம் அவள் அசந்து தூங்கியதில் ஒரு வேளைப் பால் அப்படியே தங்கிவிட்டது. அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். "பால் கட்டிக்கிருச்சு தாயி. காலைல வெந்நி ஒத்தடம் குடுத்து நல்லா நீவிவிட்டாச் சரியாப் போயிரும்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் ஆச்சியே என்னையும் உட்கார வைத்தார். கொதிக்கக் கொதிக்கத் துண்டைப் பிழிந்து போட்டு, நல்லெண்ணெய் தடவி, கட்டைவிரலால் கட்டியின் மேலேயே அமுக்கி முலைக்காம்பு வரை இழுத்தார். "பல்லக் கடிச்சுக்க, ஒடஞ்சிரும்" என்றார். உடையவில்லை. மதியத்துக்குள் கட்டி இன்னும் அகலமாகி, குளிர் நடுக்கம் வந்து, காய்ச்சல் 101. ஆச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. உலகம் முழுக்க இந்த வைத்தியம்தான் இருந்தது. வெந்நீர், அழுத்தமான மசாஜ், மிச்சமில்லாமல் பாலைப் பீய்ச்சுவது என்று மருத்துவர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்.

ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை போன் பண்ணினார். "மல்லிகப்பூவ வச்சுக் கட்டும்மா, தம்பிகிட்டக் குடுத்து விடுறேன்." பூ வந்தது, நெருக்கிக் கட்டிய சரம். நான் கட்டிக்கொள்ளவில்லை. அது வெறும் நம்பிக்கை என்பதால் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதைச் சோதித்து 1988ல் வெளியிட்டிருக்கிறார்கள். பால் வற்ற வேண்டிய தாய்மாரில் சிலருக்கு மார்பில் மல்லிகைச் சரத்தை ஒட்டினார்கள். மற்றவர்களுக்குப் புரோமோகிரிப்டின் மாத்திரை. பூவும் வேலை செய்தது, புரோலாக்டின் அளவும் குறைந்தது. குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குப் பூக்கட்டு பெரிய ஆறுதல். எனக்கோ பால் வற்றக் கூடாது, இந்த ஒரு இடத்து வீக்கம் மட்டும் வற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்

நாளை ஆடி அமாவாசை. சதுரகிரிக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, டாக்டரிடம் போக ஆட்டோ பிடித்தோம். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மார்பைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா தொட்டதே இரண்டு விரல் நுனியால்தான். அம்மாவைப் பார்த்து முதலில் சொன்னது: "இனி யாரும் அமுக்காதீங்க. சுளுக்கி வீங்கின கணுக்கால யாராவது பிசைவாங்களா?" பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். நாங்கள் நினைத்திருந்ததுபோல உள்ளே பால் கட்டியாகி ஒரு குழாயை அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. பால் குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, மிகவும் மெல்லியவை. சுற்றியிருக்கும் திசு நீர் கோத்து வீங்கும்போது வெளியிலிருந்து நெருக்குண்டு குறுகிவிடுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ல் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, பெரிய குழாய்களே சராசரியாக ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம்தான், லேசாக அமுக்கினாலே மூடிக்கொள்கின்றன என்று கண்டார்கள். கட்டைவிரலால் அமுக்கினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி வீக்கம் ஏறும். நேற்று எனக்கு நடந்தது அதுதான். தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 2022ல் தன் வழிகாட்டுதலையே மாற்றி எழுதியது: அழுத்தி நீவாதே, பிள்ளைக்குத் தேவையானதற்கு மேல் பீய்ச்சாதே, குளிர்ச்சி கொடு. கூடுதலாகப் பீய்ச்சினால், இன்னும் பால் வேண்டும் என்று உடம்பு எடுத்துக்கொண்டு மேலும் சுரக்கும், வீக்கமும் தொடரும்.

"பால்கோவா சாப்பிட்டதுனாலயா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள். இந்த ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருக்குமா! நெய்யும் இனிப்பும் நேராகப் போய்ப் பால் குழாயில் உட்கார்ந்துகொள்வதில்லை என்றார் டாக்டரம்மா. அவர் எழுதிக் கொடுத்தது ஐபுபுரூபன். இரண்டு பக்கமும் பிள்ளை கேட்கும்போது கொடுக்க வேண்டும். வீங்கிய பக்கத்தை நிறுத்தவும் வேண்டாம், அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கவும் வேண்டாம். இறுக்காமல் தாங்குகிற உள்ளாடை. நாளைக்கும் காய்ச்சல் நீடித்தால் உடனே வர வேண்டும். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். தள்ளிப்போட்டால் சிலருக்குச் சீழ் வைத்து, ஊசியால் எடுக்கிற நிலை வரும்.

அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஐஸ் கட்டிகளைச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் மடித்து வைத்தார் அத்தை. ராஜபாளையத்தை ஒட்டிய அந்த ஊர்த் தறிகளில் நெய்கிற துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இழை விட்டு நெய்தது என்பதால் ஈரம் மெல்ல இறங்கி, தோலைச் சுடாமல் குளிர்ந்தது. கட்டியிலிருந்து அக்குளை நோக்கிப் பூனை ரோமத்தைத் தடவுகிற அளவுக்கு மட்டும் விரலை ஓட்டச் சொல்லியிருந்தார்கள். தேங்கிய நிணநீர் வடிவதற்கு அது போதுமாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விடியும்போது காய்ச்சல் இல்லை. கட்டி இருக்கிறது, ஆனால் இளகிவிட்டது. ராத்திரி இரண்டு தடவை பிள்ளையை அத்தை தூக்கி வைத்துக்கொண்டார். மாத்திரையைவிட அந்தத் தூக்கம்தான் என்னைத் தேற்றியது என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய். ராஜபாளையம்

கட்டி தேடினாலும் அகப்படவில்லை. கட்டி வற்றாமல் நின்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாக் கட்டியும் பால் கட்டு ஆகிவிடாது.

சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா வந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. பிள்ளைக்கு ஏழாவது மாதம். பகலெல்லாம் பிள்ளை மாமியாரிடம். ஷிப்ட் முடிந்து வரும்போது சேலை நனைந்து, மார்பு கல்லாகிக் கிடக்கிறதாம். பாத்ரூமில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறாராம். எனக்கு அரசுப் பள்ளி வேலை. 2021லிருந்து ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. அவருக்குச் சட்டப்படி 26 வாரம்தான். ஆனால் அதே சட்டம் வேலைக்குத் திரும்பியவளுக்கும் சிலதைத் தந்திருக்கிறது: பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடமென்றால் குழந்தைக் காப்பகம், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதி. காப்பகம் 2017 திருத்தத்தில் வந்தது. அக்காவுக்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஐஸ் ஒத்தடம் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எட்டு மணி நேரம் பிள்ளை வாய் படாத மார்புக்கு ஐஸ் என்ன செய்யும்? மில்லுக்குள்ளே பத்து நிமிடம், கதவு சாத்திய ஒரு அறை, அதுவல்லவா மருந்து!

ஆகஸ்ட் 7, புதன். ஸ்ரீவில்லிபுத்தூர்

ஆடிப்பூரத் தேரோட்டம். தாய்ப்பால் வாரத்தின் கடைசி நாளும் இன்றுதான். மாவட்டமே விடுமுறையில் இருந்தது. கூட்டத்துக்குள் போகாமல், அத்தை வீட்டு மாடியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே எதிர் வீட்டு அக்காவுக்கு மனு எழுதினேன். முதல் வரியில் அவர் பெயர், இரண்டாவதில் சட்டத்தின் பெயர், மூன்றாவதில் அந்த இரண்டு இடைவேளை. காப்பகத்தைத் தனியாகக் கேட்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம், இதிலேயே இருக்கட்டும் என்று சேர்த்துவிட்டேன். நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு முன் அக்கா கையெழுத்துப் போட்டு, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கொடுக்கப்போகிறார்.