கசகசா அளவு சந்தேகம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கடலோரத்தை ஒட்டி லைம் என்று ஒரு சிற்றூர். மரங்கள் அடர்ந்த, வீட்டுத் தோட்டம்வரை மான்கள் வந்துபோகும் ஊர். அங்கே வசித்த பாலி மரே ஓர் ஓவியர். நான்கு குழந்தைகளின் தாய். அவருக்கும் குடும்பத்தினருக்கும் பல வருடங்களாக விதவிதமான உபாதைகள். மூட்டு வீங்கும், தோலில் தடிப்பு வரும், காய்ச்சல் வரும், களைப்பு ஆளை அடித்துப் போடும். சில நாளில் தானாகவே போய்விடும். மறுபடி வரும். டாக்டர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே ஒன்றுமில்லை. எல்லாம் மனப்பிரமை என்று ஜாடையாகச் சொன்னவர்களும் உண்டு.

மரே சும்மா இருக்கவில்லை. யாருக்கு, எப்போது, என்ன வந்தது என்று குறித்து வைத்தார். அக்கம்பக்கத்திலும் விசாரித்தார். குழந்தைகளுக்கு அபூர்வமாகவே வரும் ஒருவகை மூட்டுவாதம் அவர் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதுபோல் தோன்றியது. 1975ல் அவர் மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அதே சமயத்தில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் தனியாக அதே புகாரைச் செய்திருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் மூட்டுநோய் மருத்துவர் ஆலன் ஸ்டியர் விசாரணையில் இறங்கினார். லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் என்று அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 39 குழந்தைகள், 12 பெரியவர்கள் என 51 பேருக்கு ஒரே மாதிரி வீக்கம். சில கிராமத்துச் சாலைகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய். 1977ல் வெளியான ஆய்வறிக்கையில் நோய்க்கு ஊரின் பெயரே வைக்கப்பட்டது.

அந்த அறிக்கையில் ஒரு விவரம் யோசிக்க வைக்கிறது. 51 பேரில் 13 பேருக்கு, மூட்டு வீங்குவதற்கு முன்னால் தோலில் சிவப்பாக ஒரு தடிப்பு பரவியது நினைவிருந்தது. ஆனால் உண்ணி கடித்ததாக நினைவு கூர்ந்தவர் ஒரே ஒருவர்தான். குற்றவாளியை யாருமே பார்க்கவில்லை. 1981ல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி, நியூயார்க்கை அடுத்த ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். மறு வருடம் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கிருமி அவர் பெயரையே சூட்டிக்கொண்டது.

சந்தேகப்பட்ட தாய் ஜெயித்தார், சந்தேகிக்க மறுத்த டாக்டர்கள் தோற்றார்கள். இதை இப்படியே சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நோய்க்குப் பெயரும் கிருமிக்கு முகவரியும் கிடைத்த பிறகும் சந்தேகம் ஒழியவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

காரணம், உண்ணியின் அளவு. நம் ஊர் மாட்டின் காதோரத்திலும் நாயின் கழுத்திலும் கொழுத்துத் தொங்கும் உண்ணியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கி எறிந்துவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்கில் பெரும்பாலும் நோயைப் பரப்புவது, முழு வளர்ச்சி அடையாத குட்டி உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும். கோடை தொடங்கும்போது புல்லிலும் உதிர்ந்த இலையிலும் காத்திருக்கும். கடித்தால் வலிக்காது. முழங்காலின் பின்புறம், இடுப்பு மடிப்பு, தலைமுடி என்று தெரியாத இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். கிருமி உடலுக்குள் போக, பொதுவாக அது ஒரு நாளுக்கு மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். குளிக்கும்போது பார்த்து எடுத்துவிட்டவர் பெரும்பாலும் தப்பித்தார். பார்க்காதவர் தனக்கு என்ன நடந்தது என்றே அறியமாட்டார்.

கடித்த மூன்றாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் தடிப்பு வரலாம். மெல்ல விரிந்து உள்ளங்கை அளவையும் தாண்டும். சிலருக்கு நடுவில் வெளுத்து, படர்தாமரைபோல் வளையமாகத் தெரியும். பலருக்கு வளையமே இராது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தடிப்பே வருவதில்லை. தடிப்பு இருந்தால், உண்ணி நடமாடும் பகுதியில் இருந்தவருக்கு ரத்தப் பரிசோதனையே தேவையில்லை; டாக்டர் பார்த்த உடனே மருந்து எழுதலாம். இரண்டு வார டாக்ஸிசைக்ளினில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கவனிக்காமல் விட்டால் முகவாதம், இதயத் துடிப்பில் தடுமாற்றம், மாதங்கள் கழித்து முழங்கால் வீக்கம் என்று போகலாம்.

தடிப்பு இல்லாதவர்தான் பாவம். அவர் ரத்தப் பரிசோதனையை நம்பவேண்டியிருக்கிறது. பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் தயாரிக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே முதல் வாரத்தில் வரும் ‘இல்லை’ என்ற முடிவுக்கு அர்த்தம் குறைவு. மறுபுறம், ஆன்டிபாடி வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். எனவே ‘உண்டு’ என்றால் இப்போது நோய் இருக்கிறது என்றும் பொருளில்லை. எப்போதோ வந்துபோனதாக இருக்கலாம். வேறு சில நோய்களும் பொய்யாக ‘உண்டு’ காட்டும். இதனால்தான் முதலில் எலிசா, அதில் சந்தேகம் வந்தால் இரண்டாவது பரிசோதனை என்று இரண்டு படிகளாகச் செய்யும் முறை 1990களில் வகுக்கப்பட்டது. முதல் சில வாரத்து இருட்டை அதனாலும் விலக்க முடியவில்லை.

இந்த இருட்டில் மருந்து கொடுப்பதா, காத்திருப்பதா? அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 4,76,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் சந்தேகத்தின்பேரில் மட்டும் மருந்து சாப்பிட்டவர்களும் அடக்கம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. முறையாகச் சிகிச்சை எடுத்தும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வலியும் களைப்பும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றன. ஏன் என்று இன்னும் தெளிவாகவில்லை. கிருமி ஒளிந்திருக்கிறது, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று ஒரு தரப்பு. 2001ல் வெளியான ஆய்வு ஒன்றில் மூன்று மாதம் மருந்து எடுத்தவர்களுக்கும் வெறும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மறு தரப்பு. 2006ல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் நீண்டகால ஆன்டிபயாடிக் கூடாது என்று வழிகாட்டியதும், கனெக்டிகட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அந்தச் சங்கத்தின் மீதே விசாரணை தொடங்கினார். 2008ல் சமரசம் ஏற்பட்டது. 2010ல் தனிக் குழு ஆராய்ந்து வழிகாட்டுதல் சரிதான் என்றது. நோயாளிகளின் கோபம் அடங்கவில்லை.

கோபத்தில் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்றவர்கள் தோற்றதால் பிறந்த நோய் இது. அதே வார்த்தையை மறுபடி கேட்பவர், மரே பட்டதைத்தான் நானும் படுகிறேன் என்று நினைப்பது இயற்கை. அதே சமயம், ஊரறிந்த ஒரு தவறு எல்லாச் சந்தேகத்தையும் உண்மையாக்கிவிடாது. ரத்தக் குழாயில் ஊசி பொருத்தி மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் கடுமையான கிருமித்தொற்று ஏற்பட்டதை 2017ல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. உயிர்களும் போயின. வேறு நோய்க்கு லைம் என்று பெயரிட்டுக்கொண்டால் உண்மையான நோய் உள்ளே வளர்கிறது.

தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நியூ ஜெர்சியிலும் கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் மகனோ மகளோ இருக்கும் குடும்பங்கள் ஏராளம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் கோடையில்தான் போகிறார்கள். மாலையில் நடக்கப் போகிறார்கள், பின்புறத்துத் தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் போடுகிறார்கள். குட்டி உண்ணியின் காலமும் அதுதான். சிவப்புத் தடிப்பு என்று புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு மங்கி, பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். கன்றிப்போன இடம் என்று விட்டுவிடுவார்கள். கறுப்பினத்தவருக்குத் தடிப்புக் கட்டத்திலேயே நோய் பிடிபடுவது குறைவு என்பது அமெரிக்க மருத்துவர்கள் அறிந்த செய்தி. பெரியவர் ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், இங்குள்ள டாக்டர் டெங்குவையும் மலேரியாவையும்தான் முதலில் தேடுவார். அவர்மேல் தப்பில்லை. எங்கே போய் வந்தோம் என்று நோயாளிதான் சொல்லவேண்டும்.

செய்யக்கூடியவை எளிமையானவை. வெளியே போய் வந்ததும் உடம்பைப் பார்ப்பது. ஒட்டியிருந்தால், எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பது. தேதியைக் குறித்துக்கொள்வது. நெடுநேரம் ஒட்டியிருந்ததாகத் தெரிந்தால் எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் ஒரே வேளை டாக்ஸிசைக்ளின் போதும் என்று அவர் முடிவு செய்யலாம்.

டாக்டர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்பதற்கும் ‘எனக்கு இப்போது தெரியவில்லை’ என்பதற்கும் நடுவே மலையளவு தூரம் இருக்கிறது. முதல் வார்த்தை நோயாளியை வீட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறது. அவர் வேறு கதவைத் தட்டப் போகிறார், அங்கே யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வார்த்தைக்குப் பிறகு, ‘மூன்று வாரம் கழித்து வாருங்கள், ரத்தத்தை மறுபடி பார்ப்போம்’ என்று சொல்ல இடமிருக்கிறது. அந்த மூன்று வாரத்தைத் தாங்கிக்கொள்வது நோயாளிக்குக் கஷ்டம்தான். தனியாகத் தாங்கவேண்டாம் என்று தெரிந்தால் கொஞ்சம் சுலபம்.