அப்பாவின் கைநடுக்கம்

முப்பத்திரண்டு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. மாமியார் சந்தோஷத்தில் குங்குமப்பூ வாங்கி வந்துவிட்டார். கர்ப்பம் இல்லை. இரவில் உடம்பு அனலாய்க் கொதிக்கும், தலையணை வியர்வையில் நனையும். சாலாக் செலாத்தானில் கோமுட்டர் ஏறினால் பத்துமலைக்கு நேர் ரயில். அம்மா எனக்காக எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் போய்வந்தார். ஒரு தனியார் கிளினிக்கில், "டென்ஷன், சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை ஒரு மாத இடைவெளியில் இருமுறை பார்த்தார்கள். இரண்டு முறையும் 25-ஐ வெகுவாகத் தாண்டியிருந்தது. நாற்பதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோகும் நிலை. நூறு பெண்களில் ஒருவருக்காவது வருகிறதாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. முதலில் குரோமோசோம் பரிசோதனை. டர்னர் நிலையில் இரண்டு எக்ஸ்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இருக்காது. பலருக்குப் பருவமடையும் முன்பே கருமுட்டைகள் தீர்ந்துவிடும். எனக்கு 46-ம் சரியாக இருந்தன.

அப்புறம் டாக்டர் கேட்டார்: "அப்பாவுக்குக் கை நடுங்குமா?"

நடுங்கும். அறுபது தாண்டியதிலிருந்து தே தாரிக் கோப்பை அவர் கையில் தளும்பும், நடையும் தள்ளாடும். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்றொரு மரபணு. அதில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து, பெரும்பாலோருக்கு முப்பது முறை வாக்கில் அடுத்தடுத்து வரும். அது 55 முதல் 200 வரை நீண்டால், பெண்களில் ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை சீக்கிரம் ஓயும். ஆண்களில் சிலருக்கு முதுமையில் கை நடுங்கும். எங்கள் இருவருக்கும் அப்படித்தான் நீண்டிருந்தது. 200-ஐத் தாண்டினால் மரபணு அடங்கிவிடும். பையன்களுக்குப் பேச்சும் புத்தி வளர்ச்சியும் பின்தங்கும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போதுதான் அப்படித் தாண்டுகிறது. மரபணுவைக் கண்டுபிடித்ததே 1991-இல். நடுக்கத்தோடு அதற்குள்ள தொடர்பு வெளிவந்தது 2001-இல். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அப்பாவைப் பெற்ற என் பாட்டிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். எல்லா மகள்களுக்கும் அதுதான் போகும். அப்படியானால் தங்கச்சிக்கும் நிச்சயம். அவள் மகன் மூன்று வயதாகியும் பேசவில்லை.

"வாயத் தொறக்காத, குடும்ப மானம் போயிடும்" என்றார் அம்மா. நான் தங்கச்சியிடம் சொன்னேன். பையனுக்கு 200-க்கு மேல் இருந்தது. அவள் சில வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. இப்போது அவனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள்.

எனக்கு ஹார்மோன் மாத்திரை. "புள்ளதான் இல்லன்னு ஆச்சே, மாத்திரை எதுக்கு?" என்று மாமியார் கேட்டார். எலும்புக்கும் இதயத்துக்கும், ஐம்பது வயதுவரை நிறுத்தக்கூடாது.

அப்பாவுக்கு இது பாட்டியிடமிருந்து வந்தது. கிள்ளானில் இருக்கும் அத்தைக்கும் பாதி வாய்ப்பு உண்டு. அத்தை மகளுக்கு 26 வயது, ஜாதகம் கைமாறிக்கொண்டிருந்தது. கல்யாணம் முடியும்வரை பொறுக்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில், வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று இரண்டு பெண்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அத்தை மகளும் அப்படியொரு பேச்சைக் கேட்டபிறகா சொல்வது? முட்டைகள் இருக்கும்போதே தெரிந்தால் உறையவைக்கலாம். பிள்ளை எப்போது என்று அவளே முடிவு செய்யலாம். அவளுக்கு இது இல்லாமலும் இருக்கலாம். அதுவும் பரிசோதித்தால்தானே தெரியும்?

நேரில் போய்ச் சொன்னேன். அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மறுநாள் மகள்தான் போன் செய்தாள்.

"அண்ணி, எங்கம்மாவும் ரத்தம் குடுக்கணுமா, இல்ல நான் மட்டும் போனா போதுமா?"